பெயரை மறைத்து அனுப்பிய பாட்டு: பீ ஜீஸ் மீண்டு வந்த கதை

1975ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வானொலி நிலையங்களுக்கு ஒரு சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு, போய்ச் சேர்ந்தது. தட்டின் நடுவே ஒட்டும் வட்டத் தாளில் பாடியவர்கள் பெயர் இல்லை. முதலில் போட்டுக் கேளுங்கள், யார் பாடியது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. புதுமுகத்தின் பாட்டை யாரும் இப்படி அனுப்ப மாட்டார்கள். புதுமுகத்துக்குப் பெயர் தெரிய வேண்டும். பெயரைப் பார்த்ததுமே தட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் மட்டுமே இந்த வேலை தேவைப்படும்.

அந்தப் பெயர் பீ ஜீஸ், மூன்று சகோதரர்களின் பாட்டுக் குழு. பாட்டு ‘ஜைவ் டாக்கின்’. அதே ஆண்டு ஆகஸ்ட் 9 தேதியிட்ட, அமெரிக்கப் பாட்டுகளின் வாராந்திரத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது முதலிடம் பிடித்து 2 வாரம் அங்கேயே இருந்தது. பிரிட்டனில் 5ஆம் இடம்.

பீ ஜீஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அவர்கள் பாட்டுகள் ஒலித்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம், அதன் நாயகனின் வெள்ளை சூட், டிஸ்கோ. டிஸ்கோ அலை வந்தது, இவர்கள் தாவி ஏறிக்கொண்டார்கள் என்று கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தேதிகளை வைத்துப் பார்த்தால் இது நிற்காது. அந்தப் படம் வெளிவந்தது 1977 டிசம்பரில். அதற்கு இரண்டரை ஆண்டு முன்பே இவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எப்படி வந்தார்கள் என்பதற்கான விடை, 1975 தொடக்கத்தில் மியாமியில் ஒரு வீட்டுக்கும் ஒரு ஸ்டுடியோவுக்கும் இடையில் நடந்ததில் இருக்கிறது. என் பார்வையில் அதன் சாரம் இவ்வளவுதான்: சிறுவயதிலிருந்து மெட்டை மட்டுமே நம்பிப் பாடியவர்கள், முதல்முறையாகத் தாளத்தை முன்னால் விட்டுவிட்டு அதன் பின்னால் நடந்தார்கள். அப்படி நடக்கும்படி அவர்களைக் காது கொடுத்துக் கேட்க வைத்தவர் ஒரு தயாரிப்பாளர்.

28 வயதில் பழைய ஆட்கள்

கிப் சகோதரர்கள் மூவரும் ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்தவர்கள். மூத்தவர் பாரி 1946இல். இரட்டையரான ராபினும் மாரிஸும் 1949இல். சிறுவயது மான்செஸ்டரில் கழிந்தது. 1958இல் குடும்பம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் குடிபோனது. 1963இல் அங்கேயே முதல் தட்டு. 1967 தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார்கள். அப்போது பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனின் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் ஸ்டிக்வுட் இவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு மளமளவென்று வெற்றிகள். ‘நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941’ வந்தபோது பாடுவது பீட்டில்ஸ்தானோ என்று சிலர் நினைத்தார்கள். ‘மாசசூசெட்ஸ்’ பிரிட்டனில் முதலிடம். ‘டு லவ் சம்படி’யை இன்றுவரை யார் யாரோ பாடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று குரல்கள் ஒன்றோடொன்று இழையும் ஹார்மனி, கண்ணீர் ததும்பும் மெட்டு, பின்னால் வயலின் கூட்டம். இதுதான் அவர்கள் முத்திரை.

1969இல் எந்தப் பாட்டை சிங்கிளின் முன்பக்கத்தில் போடுவது என்ற சண்டையில் ராபின் குழுவை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு மறுபடியும் சேர்ந்தார்கள். சேர்ந்த சூட்டில் எழுதிய ‘ஹவ் கேன் யூ மென்ட் எ புரோக்கன் ஹார்ட்’ 1971 ஆகஸ்டில் அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் நம்பர் 1. 4 வாரம் அசையாமல் நின்றது.

அதோடு சரி. அடுத்த ஆண்டே சரிவு தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்த ‘லைஃப் இன் எ டின் கேன்’ எடுபடவில்லை. அதையடுத்து 1973இல் ஒரு முழு ஆல்பத்தைப் பாடி முடித்துக் கொடுத்தார்கள். அது வெளியாகவே இல்லை. வெற்றி பெற்ற ஒரு குழுவின் ஆல்பத்தை, அவர்களை வளர்த்த தரப்பே இது வேண்டாம் என்று திருப்பித் தருவது எவ்வளவு பெரிய அடி என்பதை யோசித்துப் பாருங்கள். 1974இல் அவர்கள் வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் பாட்லி வெரைட்டி கிளப் போன்ற இடங்களில் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பழைய பாட்டு கேட்க வந்தவர்கள். அதுதான் தங்கள் அடிமட்டம் என்று சகோதரர்களே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டு முடியும்போது பாரிக்கு 28 வயது. தம்பிகளுக்கு 25. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு நிமிஷம் நிற்கிறது. ஒருவரும் முப்பதைத் தொடவில்லை. அதற்குள் அவர்கள் ‘அந்தக் காலத்துப் பாடகர்கள்’.

ஆல்பத்தைத் தூக்கிப் போட்டார், ஆளை விடவில்லை

ஸ்டிக்வுட்டின் ஆர்எஸ்ஓ நிறுவனத்தின் தட்டுகளை அமெரிக்காவில் அப்போது விநியோகித்தது அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ். அந்த நிறுவனத்தின் மூத்த தயாரிப்பாளர்களில் ஒருவர் அரிஃப் மார்டின். இஸ்தான்புலில் 1932இல் பிறந்து, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து, அட்லாண்டிக்கில் சேர்ந்தவர். பாடகி அரீதா ஃபிராங்க்ளினோடு வேலை பார்த்தவர். பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் ‘டஸ்டி இன் மெம்பிஸ்’ ஆல்பத்தின் மூன்று தயாரிப்பாளர்களில் ஒருவர். ஜாஸ், கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசை, வாத்தியக்குழு அமைப்பு எல்லாம் கைவந்தவர். குரலை உயர்த்தாமல் வேலை வாங்குகிற மனிதர் என்று அவரோடு பணிபுரிந்தவர்கள் சொல்வார்கள்.

பீ ஜீஸுக்கு மார்டின் முதலில் தயாரித்தது 1974இல் வந்த ‘மிஸ்டர் நேச்சுரல்’. வணிகரீதியாகப் பார்த்தால் அதுவும் தோல்வி; அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதல் நூறுக்குள் வரவே இல்லை. ஆனால் கேட்டுப் பார்த்தால் அங்கங்கே டிரம்ஸ் கொஞ்சம் முன்னால் வந்திருப்பது தெரியும், குரலில் கொஞ்சம் சோல் கலந்திருக்கும். பாதி திரும்பிய வண்டி அது.

இந்த இடத்தில் ஸ்டிக்வுட் எடுத்த முடிவுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். ஆல்பம் தோற்றால் தயாரிப்பாளரை மாற்றுவதுதான் இத்துறையில் வழக்கம். அவர் மாற்றவில்லை. மார்டினும் சகோதரர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள ஒரு ஆல்பம் செலவாகிவிட்டது, அந்தச் செலவின் பலனை அடுத்த ஆல்பத்தில்தான் எடுக்க முடியும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அதே ஆட்களை வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றினார்.

இடத்துக்கான யோசனை கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனிடமிருந்து வந்தது. அவருக்கும் மேலாளர் ஸ்டிக்வுட்தான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட கிளாப்டன் 1974இல் மியாமியில் ஒரு வீடெடுத்துத் தங்கி, கிரைட்டீரியா ஸ்டுடியோவில் பதிவு செய்த ஆல்பத்துக்கு அந்த வீட்டு விலாசத்தையே பெயராக வைத்தார்: ‘461 ஓஷன் புல்வார்’. அதில் இருந்த ‘ஐ ஷாட் த ஷெரிஃப்’ அமெரிக்காவில் முதலிடம் போனது. நீங்களும் அங்கே போய்ப் பாருங்கள், சூழல் மாறினால் ஏதாவது நடக்கலாம் என்று கிளாப்டன் பாரியிடம் சொன்னார். 1975 ஜனவரியில் அவர்கள் அதே வீட்டில் வந்து தங்கினார்கள். கிளாப்டன் ஆல்பத்தின் உறையில் பனைமரங்களுக்கு நடுவே தெரியும் வெள்ளை வீடு அது.

மியாமிக்கு அப்போது இன்னொரு முகமும் இருந்தது. அருகிலிருந்த ஹயலியா பகுதியில் டிகே ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் இயங்கியது. அங்கிருந்து வந்த ஜார்ஜ் மெக்ரேயின் ‘ராக் யுவர் பேபி’ 1974 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, பிரிட்டனிலும் பிடித்தது. எளிய தாளம், மெல்லிய குரல், நடனத் தளத்துக்கு நேராகப் போகும் பாட்டு. ஆக, கிப் சகோதரர்கள் வந்து இறங்கிய ஊரில் வானொலியைத் திருப்பினாலே புது ஒலி கேட்டது.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பழக்கதோஷத்தில் மறுபடியும் மெதுவான காதல் பாட்டுகளைத்தான் எழுதினார்கள். ஸ்டிக்வுட்டுக்கு அவை திருப்தி தரவில்லை. மார்டின் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: இப்போது வானொலியில் என்ன ஓடுகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். அறிவுரை சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் எழுதியே பிழைத்தவர்களுக்கு, எழுதுவதை நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கேள் என்பது லேசான காரியம் கிடையாது. அதைச் சொல்வதற்கு மார்டினிடம் கையில் சான்றும் இருந்தது. அவர் தயாரித்த ஆவரேஜ் ஒயிட் பேண்டின் ‘பிக் அப் த பீசஸ்’ அந்த பிப்ரவரியில்தான் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வெள்ளையர்கள் வாசித்த அசல் ஃபங்க், அதாவது தாளத்தை முன்னிறுத்தும் கறுப்பின அமெரிக்க இசை. பிரிட்டனிலிருந்து வருபவர்களால் இது முடியுமா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் தேவையில்லை.

பாலத்து இணைப்புகள்

‘ஜைவ் டாக்கின்’ பிறந்த விதத்தை மாரிஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போக, பிஸ்கேன் விரிகுடாவின் மேலே செல்லும் பாலத்தைக் காரில் கடக்க வேண்டும். அப்படிப் போகும்போது ஒரு நாள் பாரியின் மனைவி லிண்டா, இந்தச் சத்தத்தைக் கேளுங்கள், வண்டியே பேசுகிறது என்கிற மாதிரி சொன்னார். கான்கிரீட் பலகைகள் வெயிலில் விரிய இடம் விட்டுப் பாலத்தில் சீரான தூரத்தில் இணைப்புகள் வைத்திருப்பார்கள். டயர் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் ஒரு தட்டு. முன்சக்கரம், பின்சக்கரம். மணிக்கு 35 மைல் வேகத்தில் போனால் அது அழகான தாளமாக விழுந்தது என்பது மாரிஸின் கணக்கு. பாரி அதன் மேல் முணுமுணுக்கத் தொடங்கினார். முதலில் வந்த தலைப்பு ‘டிரைவ் டாக்கிங்’.

இது எந்தப் பாலம்? பெரும்பாலும் ஜூலியா டட்டில் காஸ்வே என்று எழுதுகிறார்கள். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் இது பொருந்தவில்லை. அவர்கள் தங்கிய கோல்டன் பீச், கடலோரத் தீவுப் பட்டையின் வடகோடியில் இருக்கிறது. கிரைட்டீரியா இருந்தது வடக்கு மியாமியில். ஜூலியா டட்டில் பாலமோ பல மைல் தெற்கே. ஸ்டுடியோவுக்குப் போகிறவர் அவ்வளவு தூரம் இறங்கி, கடந்து, மறுபடி ஏறி வரத் தேவையில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே சன்னி ஐல்ஸ் பாலம் இருக்கிறது. சில விவரமான எழுத்துகள் அதைத்தான் குறிப்பிடுகின்றன, எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பாட்டின் புகழ் பெரிதாகும்போது பெரிய பாலத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொள்வது நடக்கக்கூடியதுதான்.

பாலத்தின் பெயரைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் கிப் சகோதரர்கள் பாட்டு எழுதியது எப்படி? கிதாரோடு உட்கார்வார்கள், ஒரு மெட்டு வரும், குரல்கள் சேரும், தாளம் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாட்டில் முதலில் வந்தது தட்டுச் சத்தம். சொற்களும் மெட்டும் அதற்குள் இடம் தேடிப் பொருந்தின. பாரி பாடும் அடிகளைக் கவனித்தால் தெரியும். ஒவ்வொரு அசையும் ஒரு அடி வாத்தியம் மாதிரி வெட்டி வெட்டி விழுகிறது. நீட்டி இழுத்து உருகுவதற்கு இடமே இல்லை.

தலைப்பு ‘ஜைவ் டாக்கின்’ என்று மாறியபோது அவர்கள் நினைத்தது ஒரு நடனத்தை. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் அதற்கு வாய்க்கு வந்ததை அளந்துவிடுவது என்று பொருள் என மார்டின் எடுத்துச் சொன்னார். உடனே பாட்டின் வரிகளை மாற்றி, பொய் பேசும் காதலியைப் பற்றிய பாட்டாக்கினார்கள். அந்த இசை யாருடைய மண்ணிலிருந்து வருகிறது என்று தெரிந்த ஒருவர் அறைக்குள் இருந்ததால் ஒரு சங்கடம் தவிர்ந்தது. பாட்டுக்கும் ஒரு கதை கிடைத்தது.

பாட்டுக்குள்ளே

பதிவு நடந்தது ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும். ஒலிப்பதிவுப் பொறியாளர் கார்ல் ரிச்சர்ட்சன்.

பாட்டு தொடங்குவது பாரியின் கிதாரில். நரம்பை முழுதாக ஒலிக்க விடாமல் அழுத்திப் பிடித்துச் சுரண்டும் ஒலி, சுருதியைவிட அடிதான் அதில் அதிகம். அப்புறம் டிரம் கால் மிதி. அப்புறம் பேஸ் எனும் தாழ்சுருதி ஒலி. குரல் வருவதற்கு முன்பே உடம்பு ஆடத் தயாராகிவிடுகிறது. அவர்களின் 1960களின் பாட்டுகளை நினைத்துக்கொண்டு இந்தத் தொடக்கத்தைக் கேளுங்கள். இதே ஆட்கள்தானா என்று தோன்றும்.

பேஸில் இரண்டு அடுக்கு. மாரிஸ் வாசித்த பேஸ் ஒன்று. அதோடு புதிதாகச் சேர்ந்த ப்ளூ வீவர், ஏஆர்பி 2600 என்ற சின்தசைசரில், அதாவது மின்னணு ஒலிக் கருவியில், வாசித்த பேஸ் இன்னொன்று. 1975இல் ஒரு பாப் பாட்டின் அடித்தளத்தையே சின்தசைசரில் அமைப்பது அரிது. ஸ்டீவி வொண்டர் போன்ற சிலர் மட்டுமே அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். விரலால் மீட்டும் பேஸில் இல்லாத ஒரு உருண்டையான துடிப்பு அதில் கிடைத்தது. நடுவில் வரும் வாத்திய இடையிலும் அந்தக் கருவியின் குரல் தனியாகக் கேட்கும்.

இந்த ப்ளூ வீவரும் டிரம்மர் டென்னிஸ் பிரையனும் வேல்ஸைச் சேர்ந்த ஆமென் கார்னர் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். கிதார் ஆலன் கெண்டல். மூன்று சகோதரர்களுக்குப் பின்னால் கூலிக்கு வந்து போகும் வாத்தியக்காரர்களாக இல்லாமல், இவர்கள் கூடவே இருந்து, ஒரே நேரத்தில் ஒரே அறையில் வாசித்தார்கள். இந்த வெற்றிக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகிற பெயர்கள் இவை. மார்டின் இல்லாவிட்டால் பாட்டு திசை மாறியிருக்காது என்பது உண்மை. இந்த மூன்று பேர் இல்லாவிட்டால் திசை மாறியும் ஓடியிருக்காது.

மார்டினின் பங்கு வேகத்தையும் தாளக்கட்டையும் சரியாக உட்கார வைத்தது. வயலின்களை எழுதுவதில் பேர் போனவர் அவர். இந்தப் பாட்டில் அந்தக் கையை அடக்கிக்கொண்டார். ஒரு நல்ல தயாரிப்பாளர் எதைச் செய்யாமல் விட்டார் என்பது தட்டில் அச்சாவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாரியின் புகழ்பெற்ற ஃபால்செட்டோ, அதாவது இயல்பான குரலுக்கு மேலே போகும் மெல்லிய உச்சக் குரல், இந்தப் பாட்டின் பிரதானக் குரல் கிடையாது. இங்கே அவர் பாடுவது தாழ்ந்த, மூச்சுக் காற்று கலந்த, ஏறக்குறைய காதோரம் பேசுகிற குரலில். ஃபால்செட்டோ அதே ஆல்பத்தின் ‘நைட்ஸ் ஆன் பிராட்வே’ பதிவின்போது வந்தது. பாட்டின் முடிவில் பின்னணியாக யாராவது சுருதியோடு கத்த முடியுமா என்று மார்டின் கேட்க, பாரி முயன்று பார்த்தார். தொண்டையிலிருந்து இதுவரை அவரே கேட்டிராத ஒரு குரல் வந்தது. உலகமே பீ ஜீஸின் அடையாளமாகக் கருதும் குரல் ஒரு பாட்டின் வால் பகுதிக்காகக் கேட்ட ஒரு சத்தம். மீண்டு வந்த வெற்றிக்கு அந்தக் குரல் காரணமில்லை. மீண்டு வரக் காரணமாயிருந்த அதே திறந்த மனது அந்தக் குரலையும் கொண்டுவந்தது.

பெயர் ஏன் பாரமானது

இனி அந்த வெற்றுத் தாளுக்கு வருவோம். 1970களின் அமெரிக்க வானொலியில் ஒரு பாட்டு ஓடுமா ஓடாதா என்பதை நிலையத்தின் இசைப் பொறுப்பாளர்தான் தீர்மானிப்பார். வாரந்தோறும் அவர் மேஜையில் புதுத் தட்டுகள் குவியும், இடமோ சிலவற்றுக்குத்தான். எதைக் கேட்பது எதைத் தள்ளுவது என்று பெயரைப் பார்த்தே பாதி முடிவாகிவிடும். பீ ஜீஸ் என்றால் மெதுவான சோகப் பாட்டு, கடைசியாக முதலிடம் பிடித்தது 1971இல் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. பெயரை எடுத்துவிட்டால் பாட்டு தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும், அவரும் தன் காதை மட்டுமே நம்ப வேண்டும்.

இந்த உத்தி வேலை செய்ததற்குக் காரணம் பாட்டு உண்மையிலேயே மாறியிருந்ததுதான். ‘மிஸ்டர் நேச்சுரல்’ பாட்டுகளைப் பெயரில்லாமல் அனுப்பியிருந்தால் ராபினின் நடுங்கும் குரலைக் கேட்டதுமே ஆளைக் கண்டுபிடித்திருப்பார்கள். இதில் கண்டுபிடிக்க வழியில்லை. வெற்றுத் தாளை மட்டும் பெரிய விளம்பரத் தந்திரமாகப் புகழ்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கறுப்பின இசையை வெள்ளையர்கள் எடுத்துப் பாடி முதலிடம் பிடித்த கதை அமெரிக்காவில் நிறைய உண்டு, அதில் நியாயமான கோபமும் உண்டு. இந்தப் பாட்டு அந்த மண்ணுக்குள் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதற்கு ஒரு அடையாளம்: கறுப்பினப் பாடகி சாகா கானை முன்னிறுத்திய ரூஃபஸ் குழு அதே 1975இல் ‘ஜைவ் டாக்கி’னைத் தங்கள் ஆல்பத்தில் பாடிப் பதிவு செய்தது. ஃபங்க் வாசிப்பதில் அவர்களுக்கு யாரிடமும் பாடம் கேட்கத் தேவையில்லை. வேறு திசையிலும் இதன் தாக்கம் போனது. ஃபிளீட்வுட் மேக் குழுவின் லிண்ட்ஸி பக்கிங்ஹாம் ‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’ பாட்டுக்கு இதன் துடிப்பை மனதில் வைத்துத்தான், ஸ்டுடியோவில் கிடந்த நாற்காலியின் செயற்கைத் தோல் இருக்கையில் தட்டி வாசித்தார்.

வேறு விளக்கங்கள்

ஊர் மாறியதால் வந்த வெற்றி என்று சிலர் சொல்வார்கள். 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்கும் போனார்களே. வெயிலும் கடலும் அங்கேயும் இருந்தன. தோல்விதான் கிடைத்தது. மியாமியில் இருந்த வேறுபாடு, எல்லோரும் ஒரே வீட்டில் தங்கியதும் காலையில் எழுந்து ஒரே வேலைக்குக் கிளம்பியதும்தான். 1969இல் பிரிந்த சகோதரர்களுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு ஆல்பத்தைக் காட்டலாம். ‘மெயின் கோர்ஸ்’ என்ற அந்த ஆல்பம் அமெரிக்காவில் 14ஆம் இடம் வரை போனது. ‘நைட்ஸ் ஆன் பிராட்வே’ 7ஆம் இடம், ‘ஃபேனி’ 12ஆம் இடம். ஒரு பாலத்துச் சத்தம் மட்டும் மூன்று பாட்டுகளை ஓட வைக்காது.

டிஸ்கோ வந்ததால் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. காற்று அந்தப் பக்கம் வீசியது. ஆனால் 1975 கோடையில் ‘ஜைவ் டாக்கி’னுக்கு முன்னால் முதலிடத்தில் இருந்தது ஈகிள்ஸின் ‘ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்’. பின்னால் வந்தது ஹாமில்டன், ஜோ ஃபிராங்க் அண்ட் ரெனால்ட்ஸின் மென்மையான ‘ஃபாலிங் இன் லவ்’. எல்லா வகைப் பாட்டும் ஓடிய கோடை அது. வெறும் அலையில் மிதந்து மேலே வர முடியாது.

மார்டின் போன பிறகு

‘மெயின் கோர்ஸ்’ முடிந்த கையோடு ஒரு சிக்கல் வந்தது. ஆர்எஸ்ஓவின் விநியோகம் அட்லாண்டிக்கிலிருந்து பாலிடோருக்கு மாறியது. மார்டின் அட்லாண்டிக்கின் ஆள். இனி அவர் பீ ஜீஸுக்குத் தயாரிக்க முடியாது. மீண்டு வந்த வேகத்தில் இருந்த ஒரு குழுவுக்கு இது பேரிடி. வெளியே தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் கிரைட்டீரியாவிலேயே இருந்த கார்ல் ரிச்சர்ட்சனையும் இசை தெரிந்த இளைஞர் ஆல்பி கலூட்டனையும் சேர்த்துக்கொண்டு தாங்களே தயாரித்தார்கள். 1976இல் ‘யூ ஷுட் பி டான்சிங்’ முதலிடம். மார்டின் இல்லாமலேயே அவர் கற்றுக்கொடுத்தது கைக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

1977இல் பிரான்ஸில் ‘ஸ்டேயிங் அலைவ்’ பதிவின்போது டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணமாக ஊருக்குப் போக நேர்ந்தது. ‘நைட் ஃபீவர்’ பதிவிலிருந்து டிரம்ஸின் ஒரு சிறு பகுதியை வெட்டி, நாடாவை வளையமாக ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டு அதன் மேல் பாட்டைக் கட்டினார்கள். தட்டில் டிரம்மர் பெயராக பெர்னார்ட் லூப் என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டார்கள். பாலத்தின் மேல் கேட்ட சீரான தட்டு இரண்டே ஆண்டில் நாடா வளையமாகியிருந்தது. ‘ஜைவ் டாக்கின்’ அந்தப் படத்தின் இசைத்தட்டிலும் இடம்பெற்றது. அது வரவேண்டிய காட்சி படத்தில் வெட்டப்பட்டுவிட்டது.

புகழின் விலை சீக்கிரமே வந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் டிஸ்கோ தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்க வானொலி இவர்கள் பெயரைத் தொடவே தயங்கியது. சகோதரர்கள் மற்றவர்களுக்கு எழுதினார்கள். பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு, டியோன் வார்விக்குக்கு. கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய ‘ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்’ 1983இல் முதலிடம் பிடித்தது. பாட்டு சகோதரர்களுடையது, பெயர் வேறொருவருடையது.

1987இல் அவர்கள் மறுபடியும் தங்கள் பெயரில் ஆல்பம் செய்ய உட்கார்ந்தபோது கூப்பிட்டது மார்டினைத்தான். ‘யூ வின் அகெய்ன்’ பாட்டின் தொடக்கத்தில் காலால் மிதிப்பது போல ஒரு கனத்த அடி வரும். மாரிஸின் வீட்டு கராஜில் உருவாக்கிய ஒலி அது. அதை எடுத்துவிடலாம், சத்தத்தைக் குறைக்கலாம் என்று சுற்றியிருந்தவர்கள் பலர் சொன்னார்கள். சகோதரர்கள் பிடிவாதமாக நின்று வைத்துக்கொண்டார்கள். வானொலியில் முதல் நொடியிலேயே இது எங்கள் பாட்டு என்று தெரியும் என்பது அவர்கள் வாதம். பிரிட்டனில் 4 வாரம் முதலிடம். 60கள், 70கள், 80கள் என மூன்று பத்தாண்டுகளிலும் அங்கே நம்பர் 1 கண்ட முதல் குழு என்ற பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் அதே பாட்டு 75ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அங்கே அவர்கள் மறுபடி முதல் பத்துக்குள் வர 1989 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாட்டு ‘ஒன்’. அது 7ஆம் இடம் வரை போனது.